டிசம்பர் வெயிலில் டர்பனிலிருந்து கேப் டவுனுக்கு, 12 வயதுக் காரில்

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். தென்னாப்பிரிக்காவில் கோடைகாலமான டிசம்பர் நடுவில் டர்பனிலிருந்து கேப் டவுன் போகிறீர்கள். 1.6 லிட்டர் பெட்ரோல் கார், மேனுவல் கியர், வயது 12, ஓடியது 1,80,000 கிலோமீட்டர். உள்ளே நீங்கள், மனைவி, இரண்டு பிள்ளைகள், அம்மா. பின்னால் ஒரு சின்ன ட்ரெய்லர். வழியில் வரும் வறண்ட உள்நாட்டுப் பகுதியான கரூ பக்கம் வெயில் 40 டிகிரி போகுமாமே, டயரில் காற்றைக் குறைக்கவா, ஏசியை அணைத்துவிட்டு ஓட்டவா, இன்ஜின் ஆயிலைக் கெட்டியாகப் போடவா என்று மூன்று கேள்வி. மூன்றும் வேண்டாம். ஆனால் அதோடு பதிலை முடித்தால் உங்களுக்குப் பிரயோஜனமில்லை. அம்மாவையும் பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு நடுக்காட்டில் நின்றுவிடக் கூடாது என்பதுதானே உங்கள் கவலை? அதற்குத்தான் இந்தப் பதில்.

நான் கோயம்புத்தூரில் ஆட்டோமொபைல் டிப்ளமோ முடித்துவிட்டு 1996இல் டர்பன் வந்தவன். இருபது வருடத்துக்கு மேல் ஒர்க்‌ஷாப்பில்தான் வாழ்க்கை. பெட்ரோல், டீசல் வண்டிகளைப் பற்றித் தைரியமாகப் பேசுவேன். ஹைப்ரிட், மின்சாரக் கார் என்றால் வேறு யாராவது சொல்லட்டும். உங்கள் வண்டியை நான் கண்ணால் பார்க்கவில்லை என்பதையும் மனதில் வைத்துப் படியுங்கள்.

வெயில் நல்ல வண்டியைக் கெடுப்பதில்லை. டர்பனுக்குள் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு, சட்ஸ்வர்த் பக்கம் காய்கறி வாங்கிவிட்டு வந்த வரைக்கும் ஏற்கெனவே இருந்த ஓட்டைகள் தெரியாது. 1,600 கிலோமீட்டருக்கு மேல் ஒரே பயணத்தில் ஓட்டும்போது வெயில் அவற்றைக் காட்டிக்கொடுக்கும். அதனால் வேலையைக் கிளம்புவதற்கு மூன்று வாரம் முன்பே முடித்துவிடுங்கள். முந்தின நாள் சர்வீஸுக்கு விடுவது கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி வீட்டுக்கு வெள்ளையடிக்கிற மாதிரி. புதிதாக மாட்டிய ஹோஸில் ஒரு கிளிப் சரியாக இறுகாமல் இருந்தால், அது முதல் நூறு இருநூறு கிலோமீட்டரில் தெரிந்துவிடும். அந்த இருநூறு கிலோமீட்டரை ஒரு ஞாயிற்றுக்கிழமை பீட்டர்மாரிட்ஸ்பர்க் தாண்டி மூய் ரிவர் வரை போய்வந்து ஓட்டிவிடுங்கள். அங்கே என்ன இருக்கிறது என்று வீட்டில் கேட்பார்கள். ஏற்றம் இருக்கிறது.

இந்த ஏற்றத்தைப் பலர் கணக்கில் எடுப்பதே இல்லை. எல்லோருக்கும் கரூ மேல்தான் பயம். கரூ சமவெளி. அங்கே வண்டி 100இல் போகும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர்விக்கும். உங்கள் வண்டிக்கு முதல் பரீட்சை, கிளம்பி ஒரு மணி நேரத்தில், பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் வரும் டவுன் ஹில் (Town Hill) என்ற ஏற்றம். அடுத்தது வான் ரீனன் கணவாய். டர்பன் கடல் மட்டத்தில் இருக்கிறது, வான் ரீனன் சுமார் 1,680 மீட்டர் உயரத்தில். சாமான் ஏற்றிய ட்ரெய்லரோடு, லாரிக்குப் பின்னால் மூன்றாவது கியரில் ஊர்ந்து ஏறும்போது இன்ஜின் முழுப் பாரம் இழுக்கிறது, காற்றோட்டமோ இல்லை. கூலிங்கில் குறை இருந்தால் அங்கேதான் தெரியும்.

என் கதையையே சொல்கிறேன். ஒரு டிசம்பரில் சொந்தக் காரில் குடும்பத்தோடு போனேன். ஹோஸ் புதுசு, கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) புதுசு, தெர்மோஸ்டாட் புதுசு. வான் ரீனன் ஏற்றத்தில் உள்ளே ஒரு தித்திப்பான வாடை வந்தது. வெல்லப்பாகு காய்ச்சுகிற மாதிரி இருக்கிறதே என்று என் பெண் சொன்னாள். எனக்கு வயிறு கலங்கியது, அது கூலன்ட் வாடை. ஓரம் கட்டி பானெட்டைத் திறந்தால் பிளாஸ்டிக் டேங்கில் தண்ணீர் குமிழியிட்டுக் கொதித்துக்கொண்டிருந்தது. ஒரு மணி நேரம் காத்திருந்து மூடியைக் கழற்றிப் பார்த்தேன். அதன் அடியில் இருக்கும் ரப்பர் வளையம் தட்டையாகி, ஓர் இடத்தில் வெடித்திருந்தது. எல்லாவற்றையும் மாற்றியவன் மூடியைப் பழையதாகவே விட்டிருந்தேன். “ஊரார் காரையெல்லாம் பார்ப்பார், வீட்டுக் காரைப் பார்க்க மாட்டார்” என்று மனைவி இன்றைக்கும் சொல்வாள்.

ஒரு மூடி ஏன் அவ்வளவு முக்கியம்? அது வெறும் மூடியில்லை, நம் குக்கர் வெயிட் செய்கிற வேலையைச் செய்கிறது. உள்ளே அழுத்தத்தைப் பிடித்துவைப்பதால் தண்ணீர் கொதிக்கும் சூடு உயர்கிறது. பாதிக்குப் பாதி கூலன்ட் கலந்த தண்ணீர், சுமார் ஒரு பார் அழுத்தத்தில், 125 டிகிரிக்கு மேல் போனால்தான் கொதிக்கும். மூடி கசிந்தால் அந்தக் காப்பு போய்விடும். மலைமேல் காற்றழுத்தமும் குறைவு. வான் ரீனன் உயரத்தில் வெறும் தண்ணீர் 95 டிகிரியை எட்டும் முன்பே கொதித்துவிடும். ஓடுகிற இன்ஜினின் சாதாரணச் சூடே 90, 100 டிகிரி. ஆகவே கூலன்டுக்குப் பதில் குழாய்த் தண்ணீர் ஊற்றி, மூடியும் கிழண்டிருந்தால், டர்பனில் வருடக்கணக்கில் ஓடிய வண்டி இந்த மலையில் நின்றுவிடும். உங்கள் காருக்கு உரிய அழுத்தம் அச்சிட்ட புது மூடி வாங்கிப் போடுங்கள். இந்தப் பயணத்தில் இதைவிட மலிவான காப்பீடு கிடையாது.

மற்றதை நீங்களே பார்க்கலாம். இன்ஜின் முழுவதும் ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் ஹோஸ்களை விரலால் அழுத்துங்கள். சப்பாத்தி மாவு மாதிரி கொழகொழவென்று இருந்தாலும், மொறமொற என்று இருந்தாலும் மாற்ற வேண்டியதுதான். கிளிப் மாட்டிய இடத்தில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் அங்கே கசிவு இருக்கிறது. அப்புறம் ஒரு டார்ச்சை எடுத்து ரேடியேட்டரின் முகத்தைப் பாருங்கள். டர்பன் உப்புக்காற்றில் அந்த மெல்லிய தகடுகள் அரித்து, விரல் பட்டாலே தூளாக உதிரும். நானே எத்தனையோ வண்டியில் பார்த்திருக்கிறேன். குழாயில் ஓட்டை இருக்காது, ஆனால் சூட்டை வெளியே விட ஆள் இல்லை. அப்படி இருந்தால் கழுவுவதால் பயனில்லை, ரேடியேட்டரையே மாற்ற வேண்டும். கடைசியாக, வண்டியை நிறுத்தி இன்ஜினை ஓடவிட்டு ஏசியைப் போடுங்கள். முன்னால் ஃபேன் சுற்றுகிற சத்தம் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் ஊரைவிட்டே கிளம்பாதீர்கள்.

ஏசி விஷயம். ஏசி ஓடும்போது இன்ஜினுக்குக் கூடுதல் பாரம் என்பது உண்மை. ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும், ஏசியின் சூட்டை வெளியே விடுகிற கண்டென்சர் உள்ளே போகிற காற்றைச் சூடாக்குகிறது என்பதும் உண்மை. ஆனால் இதையெல்லாம் கணக்கில் வைத்துத்தான் வண்டியைக் கட்டியிருக்கிறார்கள். ஏசி போட்டதால் வண்டி சூடானது என்றால் கோளாறு ஏசியில் இல்லை. கூலிங் ஏற்கெனவே விளிம்பில் நின்றது என்று அர்த்தம். டவுன் ஹில் மாதிரி ஏற்றத்தில் ஐந்து நிமிடம் அணைத்துக்கொள்வது நல்லதா என்று கேட்டால், சின்ன இன்ஜினும் ட்ரெய்லரும் சேர்ந்தால் இழுவைக்கு உதவும், அவ்வளவுதான். கரூ முழுக்க அணைத்துவிட்டு, அம்மாவை 40 டிகிரியில் உட்காரவைப்பதில் எந்தப் புண்ணியமும் இல்லை. இன்னொன்று, “கேஸ் குறைந்திருக்கிறது, நிரப்பிவிடுகிறோம்” என்றால், எங்கே கசிகிறது என்று கேளுங்கள். அது பெட்ரோல் மாதிரி தீர்ந்துபோகிற பொருள் இல்லை.

டயருக்கு வருவோம். வெயிலில் காற்று விரியும், அதனால் டயர் வெடிக்கும், அதனால் குறைத்து அடி என்று சொல்கிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். இதில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை: அது தலைகீழ். டயர் வெடிப்பதற்குப் பெரும்பாலும் காரணம் காற்றுக் குறைவுதான். காற்று குறைந்தால் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி நிமிர்கிறது. ஒரு கம்பியை மடக்கி மடக்கி நிமிர்த்தினால் சுடுமல்லவா, அதே சூடு ரப்பருக்குள் சேர்கிறது. கீழே தாரும் 60 டிகிரியில் கொதிக்கிறது. டிரைவர் கதவைத் திறந்தால் சட்டத்தில், அல்லது பெட்ரோல் மூடியின் உட்புறத்தில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதில் சும்மா ஓட்ட ஓர் எண், ஆளும் சாமானும் நிறைந்தால் ஓர் எண் என்று இரண்டு இருக்கும். உங்களுக்கு இரண்டாவது எண்தான். காலையில் வண்டி ஓடும் முன், டயர் ஆறியிருக்கும்போது அளந்து அடியுங்கள். சுமார் 5.5 டிகிரி சூடு ஏறினால் டயரின் காற்றழுத்தம் ஒரு பிஎஸ்ஐ ஏறும். மலைமேல் வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் மீட்டர் இன்னும் கொஞ்சம் கூட்டிக் காட்டும். வான் ரீனன் தாண்டி வரும் ஹாரிஸ்மித்தில் அளந்து பார்த்துவிட்டு, ஏறிவிட்டதே என்று திறந்துவிடாதீர்கள். இங்கே சில பங்க்கில் பார், சில இடத்தில் கிலோபாஸ்கல் என்று மீட்டர் இருக்கும். 2.2 பார், 220 கிலோபாஸ்கல், 32 பிஎஸ்ஐ மூன்றும் ஒன்றுதான். நைட்ரஜன் அடிக்கவா என்றால், சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். இலவசமாகக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள்.

டயரின் வயது பற்றி மட்டும் கறாராகச் சொல்ல முடியாது. பக்கச்சுவரில் ‘டாட்’ எழுத்துக்குப் பின்னால் நான்கு இலக்கம் இருக்கும். 3519 என்றால் 2019ஆம் ஆண்டு 35ஆவது வாரத்தில் செய்தது. பத்து வருடம் தாண்டினால் பட்டன் (டயர் முகத்தில் உள்ள வரிகளின் ஆழம்) எவ்வளவு இருந்தாலும் தூக்கிப் போடுவேன். ஆறிலிருந்து பத்துக்குள் இருந்தால் அது நிழலில் நின்றதா, வெயிலில் நின்றதா என்பதைப் பொறுத்தது. பக்கச்சுவரில் முடி மாதிரி வெடிப்பு தெரிந்தால் என் குடும்பத்தை அதில் ஏற்ற மாட்டேன். இங்கே சட்டப்படி பட்டன் ஒரு மில்லிமீட்டர் இருந்தால் போதும். டர்பனில் டிசம்பர் மழைக்காலமும்கூட, ஒரு மில்லிமீட்டரை வைத்துக்கொண்டு மழையில் இந்த மலை ஏறுவது துணிச்சல் இல்லை, மடத்தனம். செகண்ட் ஹேண்ட் டயர் வாங்கவே வாங்காதீர்கள், உள்ளே எங்கே அடி வாங்கியது என்று யாருக்கும் தெரியாது. ஊரில் ஸ்டெப்னி என்போமே, அந்த ஸ்பேர் வீலையும் அளந்து காற்றடியுங்கள். அது மெல்லிய தற்காலிகச் சக்கரமாக இருந்தால் 80க்கு மேல் ஓட்டக் கூடாது. கரூவில் ஊருக்கும் ஊருக்கும் நூறு கிலோமீட்டர் இருக்கலாம் என்பதை நினைவில் வையுங்கள்.

நீங்கள் ட்ரெய்லரைப் பற்றி ஒரே ஒரு சொல் போட்டுவிட்டுத் தாண்டிவிட்டீர்கள். எனக்கு அதுதான் உறுத்துகிறது. டிசம்பரில் கேப் டவுன் போகும் என்1 நெடுஞ்சாலையில் போனால் ஓரத்தில் ஒற்றைச் சக்கரம் கழன்ற ட்ரெய்லரையும், பக்கத்தில் மெத்தை, சைக்கிளோடு நிற்கும் குடும்பத்தையும் பார்க்காமல் வர முடியாது. பதினொரு மாதம் கொல்லையில் வெயிலிலும் மழையிலும் கிடந்ததை அப்படியே இழுத்துக்கொண்டு கிளம்பினால் வேறென்ன ஆகும்? பேரிங்கைக் கழற்றி, பழைய கிரீஸைத் துடைத்து, புதுசு வைக்கச் சொல்லுங்கள். டயர் புதுசாகத் தெரியும், ஓடியதே இல்லையல்லவா, ஆனால் வயது பத்து ஆகியிருக்கும். அதன் டயர் சைஸ் காரோடு ஒத்துப்போகாது என்பதால் அதற்குத் தனி ஸ்பேர் வேண்டும். பாரத்தை அச்சுக்குக் கொஞ்சம் முன்னால் இருக்கும்படி அடுக்குங்கள். பின்னால் கனத்தால் வேகத்தில் வால் ஆட்டும், ஆட ஆரம்பித்தால் பிடித்து நிறுத்துவது கஷ்டம். வழியில் நிறுத்தும்போதெல்லாம் ட்ரெய்லர் சக்கரத்தின் நடுவைக் கையால் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு சரி. கையை வைக்க முடியாமல் சுட்டால் பேரிங் போகிறது.

ஆயில், உங்கள் கையேட்டில் என்ன கிரேடு போட்டிருக்கிறதோ அதுவே. அந்தக் காலத்து இன்ஜினுக்கு ஊற்றின 20டபிள்யூ50ஐ இன்றைய இன்ஜினில் ஊற்றினால், குறுகலான ஆயில் வழிகளில் அது ஓடத் திணறும். அதைவிட முக்கியம் அளவு. 1,80,000 ஓடிய இன்ஜின் நெடுஞ்சாலை வேகத்தில் கொஞ்சம் ஆயில் குடிக்கும். தினமும் காலையில் ஆயில் அளவுக் குச்சியை இழுத்துப் பாருங்கள், அதே ஆயில் ஒரு லிட்டர் டிக்கியில் இருக்கட்டும்.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டர்பன் புழுக்கத்தில் கேட்கவே வேண்டாம். டாட் 4 ரகப் பிரேக் ஆயில் புதிதாக இருந்தால் குறைந்தது 230 டிகிரி வரை தாங்கும், ஈரம் ஏறியது 155இலேயே கொதிக்கலாம். கொதித்தால் பெடல் தரை வரை போகும். இரண்டு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தால் மாற்றிவிடுங்கள், ஏனென்றால் டூஸ் ரிவர் தாண்டி ஹெக்ஸ் ரிவர் கணவாயில் டி டூர்ன்ஸ் நோக்கி இறங்க வேண்டும், திரும்பும்போது வான் ரீனனும் டவுன் ஹில்லும் இறக்கம். எந்த கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள், பிரேக்கை மிதித்துக்கொண்டே வராதீர்கள். பேட்டரி மூன்று நான்கு வருடம் தாண்டியிருந்தால் கடையில் லோடு டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள். குளிரில் பேட்டரி சாகிறது என்று நினைக்கிறோம், உள்ளே அதைத் தின்பது வெயில்தான்.

பெட்ரோல் பற்றி ஒரு வரி. மேலே உள்நாட்டில் 93 ஆக்டேன் பெட்ரோல் கிடைக்கும், விலை கொஞ்சம் குறைவு. காற்று மெலிந்த அந்த உயரத்தில் டர்போ இல்லாத உங்கள் இன்ஜினுக்கு 93 போதும். கேப் பக்கம் கடல் மட்டத்துக்கு இறங்கும்போது 95 போடுங்கள். இங்கே பங்க்கில் ஆள்தான் பெட்ரோல் போடுவார், கண்ணாடி துடைத்துவிட்டு ஆயில், தண்ணீர் பார்க்கட்டுமா என்று கேட்பார். நல்ல வழக்கம்தான், சில்லறை கொடுங்கள். ஆனால் 300 கிலோமீட்டர் ஓடி வந்து நின்ற வண்டியின் கூலன்ட் மூடியை யாரையும் தொடவிடாதீர்கள். ஒருமுறை என் வாடிக்கையாளர் ஒருவர் கைமுழுக்கக் கட்டோடு வந்து நின்றார். அவர் மூடியைத் திறந்தது கிளம்பிப் பத்தே நிமிடத்தில் நிறுத்தியபோதாம், சூடாகியிருக்காது என்று நினைத்தாராம்.

வழியில் சூடு முள் ஏறினால் என்ன செய்வது? முதலில் ஒரு விஷயம்: பல கார்களில் அந்த முள் 75 டிகிரியிலிருந்து 105 வரை நடுவிலேயே அசையாமல் நிற்கும்படி செய்திருக்கிறார்கள். அதனால் முள் நடுவைத் தாண்டி நகர்ந்தாலே விஷயம் முற்றிவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஏசியை அணைத்து, ஹீட்டரை முழு சூட்டில், முழு வேகத்தில் போடுங்கள். பைத்தியக்காரத்தனமாகத் தோன்றும், ஆனால் ஹீட்டரும் ஒரு குட்டி ரேடியேட்டர்தான், இன்ஜின் சூட்டை இழுத்து வண்டிக்குள் விடும். அதற்கும் இறங்காவிட்டால் பத்திரமான இடத்தில் ஓரம் கட்டி இன்ஜினை அணையுங்கள். அடுத்த ஊர் வரை போய்விடலாம் என்று ஓட்டிய பத்து நிமிடத்தில்தான் இன்ஜினின் மேல்பகுதியான ஹெட் வளைந்து, ஆயிரங்களில் முடிய வேண்டியது பத்தாயிரங்களில் முடியும்.

கிளம்பும் நேரம், காலை நான்கு மணி. பகல் வெயில் ஏறும் முன் மலை ஏறிவிடலாம். ஹாரிஸ்மித்தில் என்5 பிடித்து, பெத்லஹேம், வின்பர்க் வழியாக என்1 சேர்ந்து, புளூம்ஃபான்டைன் தாண்டி கோல்ஸ்பர்கில் ராத்திரி தங்குங்கள், அது கிட்டத்தட்ட பாதி வழி. இருட்டிய பிறகு கரூவில் ஓட்டாதீர்கள், குடு மான் குறுக்கே பாயும். போஃபர்ட் வெஸ்டுக்கும் லைங்ஸ்பர்க்குக்கும் நடுவே சராசரி வேகத்தை அளக்கும் கேமரா உண்டு, வழியில் வேகமாகப் போய்விட்டு கேமராவுக்கு முன் குறைத்தால் தப்ப முடியாது. ட்ரெய்லரோடு 100க்கு மேல் நான் போக மாட்டேன். குடிக்கப் பத்து லிட்டர் தண்ணீர் கால்மாட்டில் இருக்கட்டும், கூலன்டுக்கு வேண்டிய தண்ணீர் தனியாக. அம்மா கட்டிக்கொடுக்கும் புளிச்சோறு அந்த வெயிலிலும் சாயங்காலம் வரை தாங்கும், தயிர்ச்சாதம் தாங்காது. கிளம்பும்போது சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைப்பீர்கள்தானே, குனிந்து வைக்கும்போதே டயரின் உட்பக்கச் சுவரையும் டார்ச் அடித்துப் பார்த்துவிடுங்கள். அந்தப் பக்கத்தை வேறு எப்போதும் யாரும் பார்ப்பதில்லை.

நீங்கள் எழுதாமல் விட்ட ஒன்று கேம் பெல்ட், அதாவது இன்ஜின் வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூடவைக்கும் பெல்ட். உங்கள் இன்ஜினில் அந்த வேலைக்குச் செயினா, பெல்ட்டா? பெல்ட் என்றால் பொதுவாக 90,000லிருந்து 1,00,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்வார்கள், வருடக் கணக்கும் உண்டு. அப்படிப் பார்த்தால் உங்களுக்கு இரண்டாவது முறை வந்தே விட்டது. அது அறுந்தால் பெரும்பாலான இன்ஜின்களில் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும், ஓரத்தில் நின்று சரிசெய்கிற வேலையில்லை. மாற்றும்போது வாட்டர் பம்ப்பையும் சேர்த்தே மாற்றச் சொல்லுங்கள், பல வண்டிகளில் அதே பெல்ட்தான் அதையும் சுற்றுகிறது. கூலி ஒருமுறைதான். சர்வீஸ் புத்தகத்திலோ, பெல்ட் கவர்மேல் ஒட்டிய ஸ்டிக்கரிலோ கடைசியாக மாற்றிய கிலோமீட்டர் இருக்கும். அதைப் பார்த்து, காரின் பெயரோடு, ஆண்டோடு இங்கேயே எழுதுங்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.